கோச்சிங் ஃபீஸ் 4,000, உண்மையான செலவு 14,000: உங்க பிள்ளைக்கு எந்த நீச்சல் கிளப்?

மே மாசம் எல்லாப் பிள்ளைங்களும் மீன்குட்டிதான். சம்மர் கேம்ப்ல சேர்த்துவிட்டா பத்து நாள்ல தண்ணி பயம் போயிடும். இருபதாவது நாள் "இன்னும் அஞ்சு நிமிஷம்பா"ன்னு மேல ஏறி வராம அடம்பிடிக்கும். சரியா அந்த நேரம் பார்த்து கோச் பக்கத்துல வருவார். "சார், பையன்கிட்ட டேலன்ட் இருக்கு. காம்பிடிஷன் பேட்ச்ல போட்டுடுங்க. வருஷத்துக்கு மொத்தமா கட்டினா இருபது பர்சன்ட் கம்மி." ஸ்கூல் ஃபீஸ் கட்டி அக்கவுன்ட் காத்தாடிக்கிட்டு இருக்கற ஜூன் மாசத்துல, கிரெடிட் கார்டை எடுத்துத் தேய்ச்சிட்டு வந்துடறோம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். மணிமங்கலம், படப்பை, ஒரகடம் பக்கம் குடியிருந்து ஃபேக்டரி சம்பளத்துல குடும்பம் நடத்தறவங்க, பிள்ளைக்கு நீச்சல் கண்டிப்பா கத்துக் கொடுக்கணும். ஆனா பத்து வயசுக்குள்ள போட்டிக்கான கிளப்ல சேர்க்கறதுக்கு அவசரப்படக் கூடாது. பிள்ளை இன்னிக்கு எந்த அளவுக்கு ஈடுபாடா இருக்கோ அந்த அளவுக்கான கிளப்பைத்தான் வாங்கணும். நாளைக்கு வரும்னு நாம நினைக்கிற ஈடுபாட்டுக்கு இன்னிக்கே பணம் கட்டறது, அளவு பெருசா இருக்கற யூனிஃபார்ம் வாங்கற மாதிரி இல்ல. யூனிஃபார்ம்லயாவது பிள்ளை வளர்ந்துடும்.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுக்குவோம். நீந்தத் தெரிஞ்சுக்கறது வேற, நீச்சல் வீரர் ஆகறது வேற. முதலாவதை நான் டேர்ம் இன்ஷூரன்ஸ் பக்கத்துல வைக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2021ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில மூழ்கி இறந்திருக்காங்க. 5 முதல் 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களோட இறப்புக்கு முக்கியக் காரணங்கள்ல இதுவும் ஒண்ணு. ஆறு வயசுக்கு மேல பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் தண்ணிப் பாதுகாப்பும் சொல்லிக் கொடுக்கணும்னு அதே நிறுவனம் பரிந்துரைக்குது.

நம்ம ஏரியாவுக்கு இது தூரத்துச் செய்தி இல்ல. மணிமங்கலம் ஏரியைப் பார்த்துக்கிட்டே தினமும் வண்டியில போறோம். 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி வரதராஜபுரம், முடிச்சூர்ல வீடுகளோட முதல் மாடி வரைக்கும் படகு போனதைப் பார்த்தவங்க இன்னும் இங்கதான் இருக்காங்க. வெள்ளத்து இழுப்புல நீச்சல் தெரிஞ்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது, அது உண்மை. ஆனா தண்ணியில தவறி விழுந்த பிள்ளை பதறாம மல்லாந்து மிதந்து, ஆள் வர்ற வரைக்கும் மூச்சைப் பிடிச்சு வச்சிருக்கறதுக்கும், அரை நிமிஷத்துல உள்ள போறதுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் இந்த வகுப்புதான்.

நம்ம அப்பாக்களுக்கு இதுக்குச் செலவே கிடையாது. திருவண்ணாமலைப் பக்கமோ விழுப்புரம் பக்கமோ, இடுப்புல கயிறைக் கட்டிக் கிணத்துல இறக்கி விட்டாங்க. சுரைக்குடுக்கை, வாழைமரம், கொஞ்சம் வசதி இருந்தா லாரி டியூப். மாமாவோ சித்தப்பாவோ கோச். ஒரே வாரத்துல நீச்சல். நாம வேலைக்காக இங்க வந்து அபார்ட்மென்ட்ல ஏறினப்போ கிணத்தையும் விட்டுட்டு வந்தோம், மாமாவையும் விட்டுட்டு வந்தோம். அதனால இப்போ காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கு. வாங்குங்க. அந்தச் செலவுல கணக்குப் பார்க்காதீங்க. மிதக்கறது, ஆழத்துல நின்ன இடத்துலயே தண்ணியை மிதிச்சு நிக்கறது, குதிச்சு விழுந்து தானே கரைக்கு வர்றது, நிறுத்தாம 25 மீட்டர் போறது. இந்த நாலும் வர்ற வரைக்கும் பிள்ளைக்குப் பிடிச்சாலும் பிடிக்கலைன்னாலும் அனுப்புங்க. "எனக்கு இன்ட்ரஸ்ட் இல்லப்பா"ன்னு சொன்னா, ஹெல்மெட் போடவும்தான் யாருக்கும் இன்ட்ரஸ்ட் இல்லன்னு சொல்லுங்க.

இந்த நாலும் வந்ததுக்கு அப்புறம்தான் "எந்தக் கிளப்"ங்கிற கேள்வியே வருது.

ஃபீஸைத் தாண்டி ஒரு கணக்கு

இப்போ ஒரு கணக்குப் போடுவோம். எல்லாம் எடுத்துக்காட்டுக்கு நான் வச்சுக்கிட்ட எண்கள், உங்க எண்களை நீங்க போட்டுக்கோங்க.

நம்ம பக்கத்துல இருந்து சீரியஸா நீச்சல் பயிற்சின்னு யோசிக்கிறவங்க கடைசியில வந்து நிக்கற இடம் வேளச்சேரி. 1995ல் சென்னையில நடந்த தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டின நீச்சல் வளாகம், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோடது. 50 மீட்டர் குளம். பெரிய போட்டிகள் நடக்கற இடம். மணிமங்கலத்துல இருந்து தாம்பரம் வழியா சுமார் 25 கிலோமீட்டர். போக வர 50.

பைக் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்குதுன்னு வச்சுக்கலாம். பெட்ரோல் ரவுண்டா 100 ரூபாய். வாரத்துக்கு ஆறு நாள், மாசத்துக்கு 24 நாள். பெட்ரோல் மட்டும் 2,667 ரூபாய். மழை, பனி, பிள்ளை தூங்கி விழுதுன்னு காரை எடுத்தா, லிட்டருக்கு 15ன்னு பார்த்தாலும் 8,000. பைக்லயே போறோம்னு வைங்க.

பயிற்சிக் கட்டணம் மாசம் 4,000. இந்தப் பிள்ளைங்க சாப்பிடற சாப்பாடு சாதாரணச் சாப்பாடு இல்ல, முட்டை, பால், பழம்னு கூடுதலா 1,500. கண்ணாடி, தொப்பி, நீச்சல் உடை, ஃபின்ஸ், போட்டி நுழைவுக் கட்டணம் எல்லாத்தையும் வருஷத்துக்குக் கூட்டிப் பன்னிரண்டால வகுத்தா மாசம் ஒரு 1,000.

இப்போ யாரும் எழுதாத வரி. தினமும் பயணத்துக்கு ரெண்டு மணி நேரம், குளத்தங்கரையில ஒண்ணரை மணி நேரம். மூணரை மணி நேரத்தை 24ஆல பெருக்கினா மாசத்துக்கு 84 மணி நேரம். உங்களுக்கு மாசச் சம்பளம் 26,000ன்னா ஒரு நாளைக்கு 1,000, மணிக்கு 125. ஓ.டி.க்குச் சட்டப்படி இரட்டிப்பு, அதாவது மணிக்கு 250. இந்த 84 மணி நேரத்தால நீங்க வேண்டாம்னு சொல்ற ஓ.டி. வெறும் 20 மணி நேரம்னு வச்சாலே 5,000 போச்சு. ஸ்டாஃப் கிரேடுல இருந்து ஓ.டி. இல்லாதவங்க இந்த வரியை அடிச்சிடலாம். ஆனா தூக்கத்துக்கு விலை போட எனக்குத் தெரியல.

மொத்தம் 14,167. வருஷத்துக்கு 1,70,000. இதுல கிளப்காரர் ரசீது போட்டது 4,000, அதாவது நூத்துக்கு 28 ரூபாய். மீதி 72 ரூபாய்க்கு ரசீதே கிடையாது, அதனால அது செலவு மாதிரியே தெரியறதில்ல.

இன்னொரு பக்கம், வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர்ல ஏதோ ஒரு ஸ்கூல் குளமோ, அபார்ட்மென்ட் குளத்தை வாடகைக்கு எடுத்து நடத்தற சின்ன அகாடமியோ. வாரத்துக்கு மூணு நாள், சாயங்காலம். ஃபீஸ் 2,000, பெட்ரோல் 320, சாமான் 300. 2,620 ரூபாய். வருஷத்துக்கு 31,000 சொச்சம்.

வழக்கமா இந்த இடத்துல என்னை மாதிரி ஆளுங்க ஒரு வேலை பண்ணுவோம். மாசம் 11,500 மிச்சம், அதை எஸ்.ஐ.பி.ல போட்டா எட்டு வருஷத்துல, 10 சதவீதம் கிடைச்சா, சுமார் 16.8 லட்சம்னு ஒரு பெரிய எண்ணைக் காட்டுவோம். கணக்கு சரிதான். ஆனா இந்த ஒப்பீடு எனக்குப் பிடிக்கல. எட்டு வயசுப் பிள்ளை காலையில குளத்துல குதிக்கறதை மியூச்சுவல் ஃபண்டோட போட்டி போட விடறது அற்பத்தனம். அந்தப் பிள்ளைக்கு உண்மையிலயே அது வேணும்னா 16.8 லட்சம் போகட்டும், நான் தடுக்க மாட்டேன். பிள்ளைக்கு வேணுமா, நமக்கு வேணுமாங்கிறதுதான் என் கேள்வி.

நான் வச்சிருக்கற அளவுகோல் இது. ரசீது இல்லாத செலவையும் சேர்த்து, வீட்டுக்குக் கைக்கு வர்ற சம்பளத்துல 5 சதவீதத்துக்குள்ள இருந்தா அது பொழுதுபோக்கு, பெரிசா யோசிக்க வேண்டாம். அதைத் தாண்டினா அது குடும்ப முடிவு. கணவன் மனைவி ரெண்டு பேரும் உட்கார்ந்து, வீட்டுக்கடன் இ.எம்.ஐ., ஊர்ல அப்பா அம்மாவுக்கு அனுப்பற பணம், ரெண்டாவது பிள்ளை, எல்லாத்தையும் மேஜை மேல வச்சு எடுக்க வேண்டியது. 60,000 கைக்கு வர்ற வீட்டுக்கு 2,620 முதல் வகை. 14,167 அந்தச் சம்பளத்துல கிட்டத்தட்ட கால்வாசி.

ஷிஃப்ட் இருக்கே, அதை யார் பார்ப்பா?

கிளப் தேர்ந்தெடுக்கறதைப் பத்திப் பேசற இங்கிலீஷ் வீடியோக்கள்ல இது வரவே வராது. நம்ம காரிடார்ல இதுதான் பாதி விஷயம்.

போட்டிக்குத் தயார் பண்ற பேட்ச் பெரும்பாலும் விடிகாலை. அஞ்சரை மணிக்குத் தண்ணியில இருக்கணும்னா நாலே கால் மணிக்கு வீட்டுல இருந்து கிளம்பணும். ஏ ஷிஃப்ட் வாரத்துல அப்பா அந்த நேரத்துல கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கிட்டு இருப்பார். சி ஷிஃப்ட் வாரத்துல ஆறு மணிக்குத்தான் லைனை விட்டே வெளிய வருவார், வீட்டுக்கு வர ஏழாயிடும். பி ஷிஃப்ட் வாரம் மட்டும்தான் கொண்டு போக முடியும், அதுவும் ராத்திரி பதினோரு மணிக்கு வந்து படுத்த மனுஷன் நாலு மணிக்கு எழுந்து தாம்பரம் மேம்பாலத்துல வண்டி ஓட்டணும். அது பிள்ளையைப் பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு. நான் இதைச் செலவுக் கணக்குல சேர்க்கல, ஆனா எனக்கு இருக்கற பெரிய பயம் இதுதான்.

அப்போ மூணு வாரத்துல ரெண்டு வாரம் யார் கூட்டிட்டுப் போறது? அம்மா. அவங்களும் வேலைக்குப் போறவங்களா இருந்தா, அவங்க ஷிஃப்ட்டும் சுத்திக்கிட்டு இருந்தா, ஏற்பாடு ரெண்டே மாசத்துல உடைஞ்சு போகும். உடையும்போது எல்லாரும் சொல்றது ஒரே வரி: "பையனுக்குக் கமிட்மென்ட் பத்தல." பையன் ஒழுங்காத்தான் இருந்தான். ரோஸ்டர்தான் ஒத்து வரல.

அதனால கிளப்புக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல மூணு வாரம் வரைஞ்சு பாருங்க. ஒவ்வொரு நாளும் கொண்டு போய் விடறது யார், கூட்டிட்டு வர்றது யார்னு பேர் எழுதுங்க. ஒரு கட்டத்துல "பார்த்துக்கலாம்"னு எழுதத் தோணினா, அந்த நாளைக் கிளப்புக்குக் கொடுக்காதீங்க. ஆறு நாள்ல மூணு நாளுக்குத்தான் பேர் எழுத முடியுதுன்னா, உங்க வீட்டோட ஈடுபாடு மூணு நாள். பிள்ளையோட ஈடுபாடு ஆறு நாளா இருந்தாலும் இப்போதைக்கு மூணு நாள் பேட்ச்தான். நல்லா சொல்லித்தர்ற ஒரு பக்கத்துக் குளம், தூரத்துப் பெரிய குளத்தை ஜெயிக்கும்னு நான் அடிச்சுச் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

ஒலிம்பிக் போனவங்க கதையிலயும் இது இருக்கு. சஜன் பிரகாஷ் கேரளாவுல பிறந்தாலும் வளர்ந்தது நம்ம நெய்வேலி. அம்மா விளையாட்டு வீராங்கனை, என்.எல்.சி.யில வேலை. டவுன்ஷிப்லயே குளம், அம்மாவுக்கு ஒரே இடத்துல வேலையும் வீடும். அங்க தொடங்கி, பின்னாடி பெங்களூரு பசவனகுடிக்குப் போய், 2016ல் ரியோ. 2021 ஜூன்ல ரோம்ல 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிஷம் 56.38 விநாடியில முடிச்சு, ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி நேரமான 'ஏ' தரத்தைத் தொட்ட முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். அவரோட திறமையையும் உழைப்பையும் நான் குறைச்சுச் சொல்லல. ஆனா தொடக்கத்துல தினமும் 50 கிலோமீட்டர் பைக் பயணம் அந்தக் கதையில இல்ல.

இன்னொரு கோடியில நடிகர் மாதவன் குடும்பம். மகன் வேதாந்துக்குப் பெரிய குளம் வேணும்னு 2021ல் துபாய்க்கே குடி போனாங்க. மறுவருஷம் டேனிஷ் ஓப்பன்ல 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல்ல தங்கம். அந்த வயசுல, அந்த நேரம் எடுத்த பிள்ளைக்கு அது சரியான முடிவு, அவங்களுக்கு முடிஞ்சது. நமக்குத் தாம்பரத்தைத் தாண்டறதே துபாய்தான்.

குற்றாலீஸ்வரனை மறந்திருக்க மாட்டீங்க. 1994ல், 12 வயசுப் பையன், ஒரே வருஷத்துல ஆறு கடல் நீரிணைகளை நீந்திக் கடந்து, மிஹிர் சென் வச்சிருந்த அஞ்சுங்கிற சாதனையை முறிச்சார். அர்ஜுனா விருது வாங்கினார். அவ்வளவு பெரிய பேர் இருந்தும், ஸ்பான்சர் கிடைக்காததால நீச்சலை விட்டுட்டுப் படிப்பு பக்கம் போனதா அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். அந்தத் தரத்துல இருந்த ஒருத்தருக்கே பணம்தான் சுவரா நின்னுச்சுன்னா, "நல்லா பண்ணினா தானா ஸ்பான்சர் வரும்"னு நம்பி நாம பட்ஜெட் போடக் கூடாது.

"ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கே சார்"

இதை எடுத்துக்கிட்டு வராத ஆள் இல்ல. இருக்கு. தமிழ்நாட்டுல அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு. இன்ஜினியரிங் கவுன்சலிங்ல 500 இடம். எம்.பி.பி.எஸ்.ல 7. இந்த 500, 7 எல்லாம் நீச்சலுக்கு மட்டும் இல்ல. கபடி, தடகளம், வாலிபால், செஸ்னு எல்லா விளையாட்டுப் பிள்ளைகளும் அதே வரிசையில நிக்கறாங்க. மாநில, தேசிய அளவுல பதக்கம் வாங்கின சான்றிதழுக்குத்தான் மதிப்பு. கிளப் வருஷா வருஷம் நடத்தற போட்டியில எல்லாப் பிள்ளைக்கும் கழுத்துல போடற மெடலுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல மட்டும்தான் மதிப்பு.

மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு நீச்சல்ல பணம் போட்டா பன்னிரண்டாவதுல சீட்டா திரும்பி வரும்னு நினைக்கிறது முதலீடு இல்ல, லாட்டரி. கூடவே அது பிள்ளைகிட்ட போய்ச் சேரும். "உனக்காக இவ்வளவு செலவு பண்றோம்"ங்கிற வரி ஒரு தடவை வாயில இருந்து வந்துட்டா, அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை நீந்தறது நம்ம பணத்தைக் காப்பாத்தத்தான்.

வரிச் சலுகை? கிடையாது. 80சி பிரிவுல வர்றது பள்ளி, கல்லூரியில முழுநேரப் படிப்புக்கான டியூஷன் ஃபீஸ் மட்டும். நீச்சல் கிளாஸ் ரசீதை ஹெச்.ஆர்.கிட்ட கொடுத்துப் பிரயோஜனம் இல்ல. புது வரி முறைக்குப் போனவங்களுக்கு இந்தப் பேச்சே இல்ல.

ஈடுபாட்டை எப்படிப் பார்க்கறது?

மே மாசத்துல பார்க்காதீங்க. ஜூலையில பாருங்க. பள்ளிக்கூடம் திறந்து, ஹோம்வொர்க் வந்து, வெயில் தணிஞ்சு, தண்ணி கொஞ்சம் சில்லுன்னு ஆனதுக்கு அப்புறமும் பையைத் தானே எடுத்து வைக்குதா? அலாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டா எழுந்திருக்குதா, இல்ல அம்மா தினமும் தூக்கி உட்கார வைக்கணுமா? ஒரு நாள் லீவு விட்டா சந்தோஷப்படுதா, "நாளைக்குப் போலாம்ல?"ன்னு கேக்குதா? வீட்டுக்கு வந்ததும் பேசறது தண்ணியைப் பத்தியா, கேன்டீன்ல வாங்கின பஃப்ஸைப் பத்தியா?

பஃப்ஸும் தப்பில்ல. ஃப்ரெண்ட்ஸுக்காகப் போற பிள்ளைக்கு மூணு நாள் ஜாலி பேட்ச் பொருத்தமான இடம். அந்தப் பிள்ளையை ஆறு நாள் ஸ்குவாட்ல போட்டா நீச்சலையே வெறுத்துடும். இன்னொரு பிள்ளை, தன்னோட 50 மீட்டர் நேரத்தை நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு போன மாசத்தோட ஒப்பிட்டுப் பார்க்கும். அந்தப் பிள்ளையை எட்டு பேரோட பந்து விளையாடற பேட்ச்ல விட்டு வச்சா அதுவும் அநியாயம்தான். அப்படி ஒரு பிள்ளை உங்க வீட்டுல இருந்து, ரெண்டு மழைக்காலம் தாண்டியும் அது மாறலைன்னா, அப்போ வேளச்சேரியைப் பத்தி யோசிங்க. தேவைப்பட்டா வீட்டை வாடகைக்கு விட்டுட்டு அந்தப் பக்கம் வாடகைக்குப் போறதைக்கூட கணக்குப் போட்டுப் பாருங்க. எதையும் செலவு பண்ணாதேன்னு நான் சொல்ல வரல. ஆளைப் பார்த்துச் செலவு பண்ணுங்கன்னுதான் சொல்றேன்.

இங்க ஒரு எதிர்வாதம் நியாயமானது. "கஷ்டமான சூழல்ல போட்டாதானே ஈடுபாடு வரும்? பிள்ளை கேக்கறதையே பண்ணிக்கிட்டிருந்தா எதுல நிலைக்கும்?" கொஞ்சம் உண்மைதான். அதனால இடையில விடறதுக்கு ஒரு விதி வைங்க. கட்டின காலாண்டு முடியற வரைக்கும் விடக் கூடாது, முடிஞ்சதும் தாராளமா விடலாம். பிள்ளைக்கும் அது புரியும். மூணு மாசம் ஒரு பிள்ளையால தாங்கக்கூடிய வாக்குறுதி. ஒரு வருஷம் நம்மாலயே முடியறதில்ல, ஜிம் காரர்கிட்ட கேட்டுப் பாருங்க.

கிளப்காரரிடம் கேட்க வேண்டியது

முதல்ல பணம். மாசம் 4,000, வருஷத்துக்குக் கட்டினா 20 சதவீதம் தள்ளுபடின்னா 38,400. இது லாபம் ஆகணும்னா பிள்ளை ஒன்பதரை மாசத்துக்கு மேல நிக்கணும். ஏழாவது மாசம் விட்டா, மாசா மாசம் கட்டியிருந்தா 28,000தான் ஆகியிருக்கும், 10,400 நஷ்டம். இதுல நம்ம ஊர் மழையைச் சேர்த்துக்கோங்க. இங்க இருக்கற குளங்கள்ல பெரும்பாலானது திறந்தவெளி. வடகிழக்குப் பருவமழைக் காலத்துல இடி மின்னல்னா யாரையும் தண்ணியில இறக்கக் கூடாது, இறக்கற கிளப்பா இருந்தா அன்னிக்கே வெளிய வந்துடுங்க. அப்போ அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை எத்தனை வகுப்பு போகும், அதுக்கு ஈடு வகுப்பு உண்டா? இதைக் கேட்டு எழுத்துல வாங்குங்க.

வருடக் கட்டணத்தை இ.எம்.ஐ. ஆக்கித் தர்றோம்னு சொன்னா கையெழுத்துப் போடற தாளைப் படிங்க. கடன் உங்க பேர்ல இருக்கும், கடன் கொடுத்த கம்பெனிக்குப் பிள்ளை நீந்துதா இல்லையான்னு கவலை கிடையாது. வகுப்பை விட்டதுக்கு அப்புறமும் தவணை ஓடும், கட்டாம விட்டா அடி உங்க சிபில் ஸ்கோருக்கு. பொழுதுபோக்குக்குக் கடன் வாங்கக் கூடாதுங்கிறதுல நான் பிடிவாதக்காரன்.

பில் கேளுங்க. பில் தராம இருக்கறதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. குளத்தையே மூடிட்டாங்க, சொன்ன கோச் வரல, சொன்ன நேரம் தரலைன்னா, "நான் ரீஃபண்டபிள்"னு ரசீதுல அச்சடிச்சிருக்கறதைப் பார்த்து ஒதுங்கிடாதீங்க. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட ஆணையத்துல 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டின சேவைக்குப் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. ஆனா நாம ஜி பே அனுப்பின ஸ்க்ரீன்ஷாட் தவிர வேற ஒண்ணும் வச்சிருக்க மாட்டோம், அதுதான் பிரச்சினை.

அடுத்தது, ஏறி இறங்க வழி இருக்கா? ஒரே கிளப்ல மூணு நாள் பேட்ச்சும் ஆறு நாள் ஸ்குவாட்டும் இருந்து, பிள்ளை மேல போய்ப் பார்த்துட்டு முடியலைன்னா அவமானம் இல்லாம கீழ வரலாம்னா, அந்தக் கிளப்புக்கு நான் மாசம் ஐநூறு அதிகமாவே கொடுப்பேன். "எங்ககிட்ட சேர்ந்தா சாம்பியன் மட்டும்தான்"னு சொல்ற இடத்துல பத்து வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளையை விடறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

போட்டிக்குப் போகணும்னா, அந்தக் கிளப் மூலமா மாநில நீச்சல் சங்கத்துல பதிவு பண்ண முடியுமான்னு கேளுங்க. முடியாதுன்னா, அவங்க சொல்ற ஸ்குவாட் பேருக்குத்தான் ஸ்குவாட். பிள்ளைக்கு டேலன்ட் இருக்குன்னு சொன்னா, "நேரம் என்ன சார்?"னு கேளுங்க. எந்த ஸ்ட்ரோக், எத்தனை மீட்டர், எந்தத் தேதி, 25 மீட்டர் குளமா 50 மீட்டர் குளமா. உண்மையான கோச் ஒரு நோட்டைத் திறப்பார். மத்தவங்க உங்க தோள்ல தட்டுவாங்க.

சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் சொல்லாம போய் அரை மணி நேரம் ஓரமா உட்காருங்க. ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைங்க, உயிர்காப்பாளர்னு தனியா ஒருத்தர் இருக்காரா, அவர் கண்ணு தண்ணி மேலயா போன் மேலயா, பெண் பிள்ளைங்க உடை மாத்தற இடம் எப்படி இருக்கு, கடைசி வரிசையில திணறிக்கிட்டு வர்ற பிள்ளையை யாராவது கவனிக்கறாங்களா. உங்க பிள்ளை ஒரு நாள் அந்தக் கடைசி வரிசையில இருக்கும்.

சாமான் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. கண்ணாடியை மட்டும் நல்லதா வாங்குங்க, கண்ணுல தண்ணி போனா எந்த ஈடுபாடும் அஞ்சு நிமிஷத்துல போயிடும். ஃபின்ஸ், நீச்சல் உடை எல்லாம் ஆறு மாசத்துல சின்னதாகிடும். ஸ்குவாட்ல பெரிய பிள்ளைங்களோட பெற்றோர்கிட்ட கேட்டா பாதி விலைக்கும் கிடைக்கும், சும்மாவும் கொடுப்பாங்க. உங்களோடதையும் அதே மாதிரி அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துடுங்க.